ஒரு சொல் குறையாமல்

தவமணி அம்மாவை எனக்குப் பாதி நாள் பிடிக்காது. மீதி நாள் பயம். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். துப்பாக்கிக்காரர்கள் நடுவில் நின்று வேலை பார்த்தவள், பால்மரம் வெட்டுகிற ஒரு பெண்பிள்ளைக்கா பயந்தாய் என்று கேட்கிறார்கள். பயந்தேன்தான். துப்பாக்கிக்காரன் என்ன செய்வான் என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்த அம்மா வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. ஏனென்றால் வருவது அவர் பேச்சு இல்லை, மகள் பேச்சு.

மகள் தவமணிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. எனக்குத் தெரிய வந்தபோது அவளுக்கு இருபது வயது இருக்கும், அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். கைதான் அவளுக்கு வாய். அந்த அம்மாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும், மற்ற நேரமெல்லாம் தவமணி அம்மா. சண்டை போட்டு வாங்கிய பெயர் அது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் மகளை ஊமச்சி என்பார்கள். "ஊமச்சி அம்மா" என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். பக்கத்தில் வந்து கூப்பிட்டாலும், "யாரத் தேடறீங்க? அப்படி ஒருத்தரும் இந்த லயத்துல இல்லியே" என்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊர் களைத்துப்போய் வழிக்கு வந்தது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே போகிற செம்மண் சடக்கில் இருந்தது எங்கள் தோட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். போகவர ஒரே ஒரு கேட்டுதான். மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆண்களை ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே, அது நான். நாங்கள் வேதக்காரர்கள். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவர். கிள்ளானில் கன்னியாஸ்திரிகளிடம் சில வருஷம் படித்ததில் எனக்கு மலாய் நன்றாக வரும், இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வரும். அந்தப் படிப்புக்குக் கிடைத்த உத்தியோகம், அடுத்தவள் கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பது. லயத்துப் பெண்கள் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாத நாள் குறைவு. நானும் விறைப்பாகவே இருந்துகொள்வேன். வேறு என்ன செய்ய?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை, வரிசையில் நின்ற தவமணியைப் பின்னாலிருந்து இடுப்பில் தடவிவிட்டேன். அவள் துள்ளித் திரும்பி என் கையைத் தட்டிவிட்டாள். போலீஸ்காரன் துப்பாக்கியை நிமிர்த்தினான். அவள் அவனைச் சட்டை பண்ணவில்லை. என் முகத்துக்கு நேரே விரல்களை ஆட்டி ஏதோ கொட்டித் தீர்த்தாள். பக்கத்தில் நின்ற அம்மா அதைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொடறதுக்கு முன்னாடி மூஞ்சியக் காட்டுங்கறா. பின்னால இருந்து தொட்டா யாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"சரிக்கா, தெரியாம..."

"இரு, இன்னும் முடியல. ஒங்கையில கருவாட்டு நாத்தம் அடிக்குதாம். கழுவிட்டு வந்து தொடச் சொல்றா."

வரிசை முழுக்கச் சிரித்தது. துப்பாக்கிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அத நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்லக்கா" என்றேன்.

"நானா சொன்னேன்? அவ சொன்னா."

அவ்வளவுதான் அந்த அம்மா. மகள் கையால் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வாயால் சொல்வார். நல்லதோ கெட்டதோ, இடம் பொருள் பார்ப்பதே இல்லை. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒரு நாள் புது மீசையோடு வந்து நின்றபோது, "ஒரு பக்கம் ஏறியிருக்குது, ஒரு பக்கம் எறங்கியிருக்குதுன்னு எம்மக சொல்றா மண்டோரே" என்று பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னார். அன்றிலிருந்து தவமணி பாஷையில் மண்டோருக்குப் பெயர், ஒரு விரலை மேலே ஒரு விரலைக் கீழே வைத்த மீசை. எனக்குப் பெயர், இடுப்பில் இரண்டு தட்டு. அம்மாவுக்கு மூக்குத்தி. அப்பாவுக்கு, மூன்று விரலால் நெற்றியில் ஒரு இழுப்பு. அந்த மனுஷர் காலையில் குளித்ததும் பட்டை பட்டையாகத் திருநீறு பூசாமல் வெளியே வரமாட்டார். பேச்சு குறைவு, மகள்மேல் உயிர். பெண்டாட்டி பேசுகிற பேச்சுக்கெல்லாம் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவதே அவருக்குப் பாதிப் பிழைப்பு.

இந்தப் பிடிவாதத்தால் அந்த வீடு பட்ட பாடும் உண்டு. சின்ன மகளைப் பெண் பார்க்கச் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல இடம். மூத்தவளை அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அந்த அம்மா தவமணிக்குப் பட்டுப் பாவாடை தாவணி கட்டிவிட்டு, வந்தவர்களுக்கு நேர் எதிரே பாயில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா, "இந்தப் பிள்ள யாரு, பேசவே காணோமே?" என்று கேட்டார்.

"மூத்தவ. கையாலதான் பேசுவா. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கறா. மாப்ள எதுக்கு வந்ததுல இருந்து அவரு அம்மாவையே பாத்துக்கிட்டு இருக்காரு, பொண்ணப் பாக்க வந்தாரா, அம்மாவப் பாக்க வந்தாராங்கறா."

சம்பந்தம் அதோடு போயிற்று. சின்னவள் அழுது, பல நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் கோபப்பட்டுக் கேட்டேன், ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்று. வெற்றிலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பொழச்சுட்டுப் போகட்டும்னு ஒரு தடவ நான் பதமாச் சொல்லிட்டேன்னு வையி தங்கச்சி. அப்புறம் அவ சொல்றதெல்லாம் நான் சொல்றதாத்தான் ஆகும். அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதுலயும் நான் கை வைக்கணுமா?"

ஆனாலும் அந்தச் சின்னவளின் அழுகை நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிற்பாடு அவளுக்கு வேறு இடம் அமைந்தது. அந்தப் பையன் பெண் பார்க்க வந்தபோது மூத்தவளிடம், உங்கள் பாஷையில் என் பெயர் என்ன என்று கேட்டானாம். அம்மா அப்போதே சரி சொல்லிவிட்டார்.

தன் மகளோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. எந்தத் தோட்டத்தில் கண் தெரியாத பிள்ளை, கால் விளங்காத பிள்ளை என்று காதில் விழுந்தாலும் லீவு நாளில் கிளம்பிவிடுவார். வெளியே போக பாஸ் வாங்கவேண்டும், பஸ்ஸில் நாலு இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள். எதற்கும் சளைக்கமாட்டார். கலும்பாங் பக்கத்தில் ஒரு லயத்தில், கண் தெரியாத பையனைப் பெற்றவர்கள் வேலைக்குப் போகும்போது கட்டில் காலில் கட்டிவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களையும் சொல்ல முடியாது. வேலிக்குப் பக்கத்தில் போனால் சுட்டுவிடுவார்கள் என்று பயம். இவர் போய்க் கயிற்றை அவிழ்த்து, பையனைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு நேரே துரை பங்களாவுக்குப் போய்விட்டார். இந்தப் பையன் நடமாட ஒரு பாதைக்குக் கயிறு கட்டித்தர வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்றாராம். கட்டில் காலில் இருந்த கயிறு, லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை தடுமாறாமல் பிடித்துக்கொண்டு போகிற கயிறாக மாறியது. பையனோடு போய் வாத்தியாரிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். "இவனுக்குக் கண்ணுதான் இல்ல, காது இருக்கு. நீங்க வாயால தான பாடம் நடத்தறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

தவமணியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது இதற்கெல்லாம் முந்தி.

பக்கத்துத் தோட்டத்தில் பால் ஏற்றிப் போன லோரியைக் காட்டுக்காரர்கள் கொளுத்திப்போட்ட வாரம் அது. எங்கள் கேட்டுக்குப் புது ஆளாக ஒரு ஸ்பெஷல் போலீஸ்காரன் வந்திருந்தான். சின்னப் பையன், பயந்துகொண்டே நிற்பான். மத்தியானம் வேலை முடிந்து ஆட்கள் திரும்பும்போது தவமணி கேட்டில் நின்று, பின்னால் தெரிந்த ரப்பர் மரங்களைக் காட்டி, மூன்று விரலால் நெற்றியில் இழுத்தாள். அப்பா பின்னால் வருகிறார், கேட்டைச் சாத்தாதே என்று அர்த்தம். பழைய போலீஸ்காரர்களுக்கு அது பழக்கம். புதியவனுக்கு மூன்று விரலும் நெற்றியும்தான் தெரிந்தது. காட்டுக்காரர்களின் தொப்பியில் நெற்றிக்கு நேரே மூன்று நட்சத்திரம் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். 'பிந்தாங் தீகா' என்றுதான் மலாய்க்காரர்கள் அவர்களைச் சொல்வார்கள். இவள் அந்த ஆட்களுக்கு மரத்துப் பக்கம் சைகை காட்டுகிறாள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். விசில் ஊதினான். அவளைக் கேள்வி கேட்டார்கள், அவள் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாளே, பெரிய கைகாரி என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா இன்னும் பால் கொட்டகையிலிருந்து வந்து சேரவில்லை; காலைச் சோதனை முடித்து வீட்டுக்குப் போயிருந்த நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் லோரி சடக்கு திரும்பிவிட்டது.

அந்தக் காலத்தில் இதற்கு விசாரணை வழக்கு எதுவும் தேவையில்லை. சந்தேகம் என்றாலே உள்ளே வைக்கலாம். வருஷக்கணக்கில் வைக்கலாம். காட்டுக்காரர்களோடு தொடர்பு என்று தெரிந்தால் மொத்தக் குடும்பத்தையும் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போன குடும்பங்களை எங்களுக்குத் தெரியும்.

தோட்டத்து லோரியில் நாங்கள் நாலு பேர் போனோம். அம்மா, அப்பா, மலாய் பேச நான், சிபாரிசு சொல்ல மண்டோர். வழியில் மண்டோர் யோசனை சொன்னார்.

"இங்க பாருங்க, நான் சொல்றதக் கேளுங்க. ஸ்டேஷன்ல பெரிய துவான் கேட்டா மகளுக்கு மூளை சரியில்லன்னு சொல்லிடுங்க. பைத்தியத்த வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க? இன்னிக்கே விட்டுருவாங்க லா."

யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. அப்பா அழுதுகொண்டே பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வார்த்தை தானே புள்ள. சொல்லிட்டு அவளக் கூட்டிக்கிட்டு வந்துருவோம்."

"ஒரு வார்த்தைதான்" என்றார் அந்த அம்மா. "இன்னிக்கு நான் அதச் சொன்னா, நாளையில இருந்து அவ எது சொன்னாலும் பைத்தியம் சொன்னதாத்தான் இருக்கும். வேலைக்கு வேணாம்பான். வெளிய விட வேணாம்பான். ஆஸ்பத்திரியில கட்டிப் போடுன்னு ஒருத்தன் வருவான். பெத்தவளே சொல்லிட்டான்னு காட்டுவான். நான் சொல்லமாட்டேன்."

"அப்ப அவ ஜெயில்ல கெடக்கட்டுமா?" என்று அப்பா முதல்முறையாகச் சத்தம் போட்டார்.

"மனுசியா ஜெயில்ல இருந்தா நான் போய் மீட்டுக்குவேன்."

எனக்கு அந்த நிமிஷம் அவரை லோரியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது.

ஸ்டேஷனில் விசாரித்த இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். கண்ணாடி போட்டிருந்தார், தலை நரைத்திருந்தது, குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்பாவையும் மண்டோரையும் வெளியே பெஞ்சியில் உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். தவமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைகளைப் பின்னால் விலங்கு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அந்த அம்மா அதைப் பார்த்தார். "முதல்ல அவ வாயத் தொறந்து விடச் சொல்லு" என்றார் என்னிடம்.

நான் விலங்கைக் கழற்றச் சொல்கிறார் என்று மலாயில் சொன்னேன்.

"அப்படி இல்ல. வாயின்னு சொல்லு. வாயக் கட்டிப் போட்டுட்டுக் கேள்வி கேக்கறாங்களே, எப்படிப் பதில் சொல்லுவான்னு கேளு."

கேட்டேன். இன்ஸ்பெக்டர் போலீஸ்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். விலங்கு கழன்றதும் தவமணி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் தன் நெற்றியில் மூன்று விரலை வைத்துக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்த அம்மாவுக்குச் சந்தை மலாய் தெரியும். ஆனால் என்னை முந்திக்கொள்கிற அவசரத்தில் தமிழ்ச் சொல்லையே சொன்னார்.

"அப்பா, துவான்."

"அப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர். மலாயில் அதற்கு 'என்ன?' என்று அர்த்தம்.

"ஆமா, அப்பா!" அம்மாவுக்குச் சந்தோஷம், உடனே புரிந்துகொண்டாரே என்று.

"அப்பா?"

"அப்பாதான் துவான்!"

இன்ஸ்பெக்டர் முகம் சிவக்க ஆரம்பித்தது. நான் குறுக்கே விழுந்து, தமிழில் தகப்பனுக்கு அப்பா என்று பெயர், அவர் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு இருக்கும், அதனால் மகள் வைத்த பெயர் இது, வெளியே பெஞ்சியில்தான் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து அப்பாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு வந்தார். அழுது துடைத்ததில் பாதி அழிந்திருந்தாலும் பட்டை தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

விடவில்லை. அவர் புத்திசாலி. "சரி, அது தகப்பன். காட்டு ஆட்களை இவள் பார்த்திருக்கிறாளா என்று கேள்."

நான் தமிழில் சொன்னேன், அம்மா கையால் கேட்டார். தவமணி அம்மாவையே பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு, அந்த விரல்களை மெதுவாக நெஞ்சில் வைத்தாள்.

அம்மா முகம் வெளிறிப்போனது. அவருக்கும் அது புதிய செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காட்டு ஆட்களைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதே பெரிய குற்றம். அந்த அறையில் தவமணியின் கைக்கு அர்த்தம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"பாத்தேங்கறா" என்றார்.

நான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "தாக் நம்பாக், துவான்" என்றேன். பார்க்கவில்லையாம். 'தாக்' என்றால் இல்லை.

மேசையில் படாரென்று ஒரு அடி. "நம்பாக்குன்னு சொல்லு! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ எதுக்கு முன்னாடி தாக் போட்ட? எடு அந்தத் தாக்க!"

"அக்கா, ஒங்க குடும்பத்துக்காகத்தான்..."

"எங்குடும்பத்துக்கு நான் இருக்கேன். அவ பாத்தேங்கறா. எடு!"

அவர் குடும்பம் கப்பலேறக் கூடாது என்றுதான் அந்தத் 'தாக்'கைப் போட்டேன். இன்றைக்கு அப்படி ஒரு நிலை வந்தாலும் போடுவேன். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார், என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன். "நம்பாக், துவான்" என்றேன்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்து நேராகக் கேட்டார், எங்கே, எப்போது, என்ன நடந்தது. தவமணியின் கைகள் ஓட ஆரம்பித்தன. அம்மா விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார், நான் மலாயில் சொன்னேன். மழைக்கு முந்தி, கடைசி நிரை மரங்களில் பால் எடுக்கும்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் காலில் சாக்குச் சுற்றியிருந்தது, ரத்தம். வாயில் கை வைத்துச் சோறு கேட்டார்கள். இவள் மடியை உதறிக் காட்டினாள், ஒன்றும் இல்லை. போய்விட்டார்கள்.

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"சொன்னேங்கறா" என்றார் அம்மா. குரல் மாறியது. "அன்னிக்கே சொன்னேங்கறா. பால் கொட்டகைக்கு ஓடிப்போய் மண்டோர்கிட்டச் சொன்னாளாம். அவரு சிரிச்சாராம். இவ கையாட்டுற மாதிரி அவரும் ஆட்டிக் காட்டினாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். மறுபடி சொன்னாளாம். தோளப் புடிச்சுத் திருப்பி விட்டு, போய்ப் பால நிறுன்னு கையக் காட்டினாராம்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பெற்ற தாயிடம் ஏன் சொல்லவில்லை?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா மகளைக் கேட்டார். தவமணி தயங்கினாள். பிறகு மூக்குத்தியைத் தொட்டாள், வாயைத் தொட்டு இரண்டு கையையும் அகல விரித்தாள், பிறகு மூன்று விரலால் நெற்றியில் இழுத்து, கழுத்தில் ஒரு வெட்டு வெட்டினாள். அந்த அம்மா தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

"என்னக்கா சொல்றா?"

"அம்மாகிட்டச் சொன்னா..." மகளைப் பார்த்தார். "அம்மாகிட்டச் சொன்னா ஊர் முழுக்கக் கேட்டுரும். காட்டுக்காரங்க காதுக்குப் போனா அப்பாவ வெட்டிப்புடுவாங்க. அதனால அம்மாவ நம்பலங்கறா."

நம்பலங்கறா என்ற அந்தக் கடைசிச் சொல்லை அவர் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கண்ணில் நீர் வழிய வழியச் சொன்னார். நானும் அதை அப்படியே மலாயில் சொன்னேன். அன்றைக்கு அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மண்டோரை உள்ளே கூப்பிட்டார்கள். "அவ ஏதோ கையாட்டுனா துவான். எனக்கு எப்படிப் புரியும்?" என்றார் அவர். இன்ஸ்பெக்டர் எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தவமணியைப் பார்த்து, அன்றைக்கு இவரிடம் காட்டியதைக் காட்டு என்பதுபோல் மண்டோர் பக்கம் கையை நீட்டினார். அவள் எழுந்து நின்று காட்டினாள். இரண்டு விரல். தொப்பி. துப்பாக்கியைத் தோளில் சாய்த்தது. காலை இழுத்து இழுத்து நடந்தது. மரங்களின் பக்கம் கை. வாசலில் நின்ற போலீஸ்காரன், கேட்டில் அவளைப் பிடித்த அதே பையன், தன்னை அறியாமல், "செஞ்சாத்தா" என்று முணுமுணுத்தான். ஆயுதம் என்று அர்த்தம். அவனுக்கே புரிந்துவிட்டது.

"இதுவுமா புரியவில்லை?" என்றார் இன்ஸ்பெக்டர். மண்டோர் தலை குனிந்தார். அதற்கப்புறம் அவரைத் தனியாக வெகுநேரம் விசாரித்தார்கள், மண்டோர் வேலை மட்டும் தப்பியது.

பிறகு இன்ஸ்பெக்டர் எங்களிடம் சொன்னார். அவளை விடுகிறேன். ஆனால் அந்த நெற்றிச் சைகையை விட்டுவிடச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து பட்டாளம் வருகிறது, அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, சுட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். தகப்பனுக்கு வேறு ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்ளட்டும். அவர் சொன்னது அக்கறையோடுதான். நான் உடனே தலையாட்டினேன்.

அந்த அம்மா ஆட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஒங்க அப்பா பேர நாளையில இருந்து மாத்திக் கூப்பிடுங்கன்னா நீங்க கூப்பிடுவீங்களான்னு துவானக் கேளு. சுடறவங்களுக்குத் தெரியலேன்னா அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. எம்மக எதுக்குப் பேச்ச மாத்திக்கணும்?"

இந்த முறை நான் ஒரு சொல்லும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தன் அப்பாவை நினைத்தாரோ என்னவோ. பிறகு வாசலில் நின்ற பையனைக் கூப்பிட்டு, நாளைக் காலையிலிருந்து கேட்டில் நிற்கிற ஒவ்வொருவனும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், பட்டாளம் வந்தால் முதலில் அவர்களுக்குக் காட்ட வேண்டும், அது உன் பொறுப்பு என்றார். பையன் சலாம் வைத்தான்.

"போகலாம் என்று மகளிடம் சொல்" என்றார் என்னிடம்.

அந்த அம்மாவுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்தது. "புடிச்சுக்கிட்டு வந்தது அவர் ஆளுங்க. போகலாம்னு அவரே அவகிட்டச் சொல்லட்டும்."

போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே அதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தவமணியைப் பார்த்து, கையைக் கதவுப் பக்கம் வீசினார். தவமணி அசையவில்லை.

"கோழிய வெரட்டற மாதிரி இருக்குது" என்றார் அம்மா. நான் இதைச் சொல்லவேண்டி வரவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு தவமணிக்கு நேரே வந்து நின்றார், அவள் தன் முகத்தைப் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். வலது கை விரல்களை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் மேலே வைத்து, இடது கையால் அந்த மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, லேசாகக் குனிந்து வாசலைக் காட்டினார். மலாய்க்காரர்கள் வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு வழி காட்டுகிற மரியாதை அது. தவமணி அவர்கள் குடியிருக்கும் கம்பத்து வழியாகப் பல தடவை போய்வந்தவள். வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்து வெளியே போனாள்.

நான் பழக்கதோஷத்தில் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அந்த அம்மா என் தோளில் கை வைத்தார்.

"நீ சும்மா இரு. அவ அவருகிட்டத்தான் சொன்னா. அவருக்குக் கேட்டிருச்சு."